அன்னபோஸ்ட்

— "…ஆகவே, அண்ட சராசரங்களும் செவி சாய்த்துக் கேட்குமாறு அறிவிப்பது என்னவென்றால், கரட்டுப்பாளையம் ஊராட்சி மன்றத் தலைவர் பதவிக்கு, எதிர்த்து நிற்க ஒரு புல் பூண்டுகூட முளைக்காத நிலையில், தொண்டின் இமயம், சேகோ ஆலைச் செம்மல், திருவாளர் குமாரசாமி அவர்கள் போட்டியின்றி, ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறார்! இளைஞர் சமுதாயமே, இன்னும் ஏன் உறக்கம்? அரசியல் உன்னை அழைக்கிறது. ஓடி வா!" எப்படிய்யா சின்னண்ணா? சரித்திரத்துல நிக்குமல்ல?

— நிக்குமுங்க. ஒரே ஒரு சங்கதி. புல் பூண்டு மொளச்சிருச்சுங்க.

— என்னய்யா ஒளர்ற?

— நேத்து மத்தியானம் வெண்ணந்தூரு யூனியன் ஆபீசுல தலைவர் பதவிக்கு ஒரு மனு விழுந்திருக்குதுங்க. நம்மூரு தறிக்காரர் சண்முகவேலு மக, மயிலம்மா.

— அந்தச் சுண்டெலியா! நோட்டீசு ஆயிரங் காப்பி அச்சடிச்சாச்சேய்யா!

— நோட்டீசு மட்டுமுங்களா. ஆளொசர மால சேலத்துல சொல்லியாச்சு. கெடா ரெண்டு கட்டுல நிக்குது. எதுத்து ஆளே இல்ல, அன்னபோஸ்ட்டுன்னு நீங்கதான சொன்னீங்க. எழுதினது நானு, சொன்னது நீங்கங்க.

— எழுவதாம் வருசத்துல நா அன்னபோஸ்ட்டுதானய்யா? எதுத்து ஒருத்தன் நின்னானா?

— ஒருத்தர் நின்னாருங்க. நீங்க போயிப் பேசுனதுக்கப்புறம் ஒக்காந்துட்டாருங்க.

— அதச் சொல்லு! பதினாறு வருசங்கழிச்சு இப்பத்தான் மறுக்கா எலக்சன் வருது. இதுக்குன்னு சேலத்துல அஸ்தம்பட்டி ஊட்ட வுட்டுப்போட்டு நாலு நாளா இந்தப் பேக்டரி ரூமுல கொசுக்கடியில கெடக்கறேன். பாரம் ரெடியா?

— எல்லாம் ரெடிங்க. ஓட்டர் லிஸ்ட்டுல உங்க நம்பரு ஒண்ணுதான் எழுதோணும். தேடிட்டு இருக்கறனுங்க.

— தேடு, தேடு. ராகு காலம் ஒன்றரைக்கு முடியுது. மூணு மணி வரைக்கும் மனு வாங்குவாங்க. ரெண்டேகாலுக்குக் கெளம்புனாச் சரியா இருக்கும். அதுக்குள்ள அந்தப் புள்ளைய வரச் சொல்லு.

— வந்து வாசல்ல நிக்குதுங்க. அம்மிணி, உள்ள வா.

— கும்புடறனுங்க.

— வா சாமி, வா. உக்காரு. காப்பி சொல்லட்டுமா?

— வேண்டாமுங்க. நின்னுட்டே பேசறனுங்க.

— பாத்தியா சின்னண்ணா, நம்மூர்ப் புள்ளைங்க மரியாதைய! ஏஞ்சாமி, யாரோ உன்னத் தூண்டி வுட்டு எலக்சன்ல நிறுத்தியிருக்கறாங்க. யாரு?

— நீங்கதானுங்க.

— நானா?

— போன வாரமே உங்க நோட்டீச டீக்கடையில ஒட்டியிருந்தாங்க. "இளைஞர் சமுதாயமே, ஓடி வா"ன்னு. அதானுங்க, வந்துட்டேன்.

— ஓடி வான்னா, கூட்டத்துக்கு வா, முன் வரிசையில நில்லு, கை தட்டுன்னு அர்த்தம் கண்ணு! மனுத் தாக்கல் பண்ணுன்னா அர்த்தம்? சின்னண்ணா, கூட்டத்துக்குன்னு வெளக்கமா எழுதக்கூடாதாய்யா?

— எழுதினது நானு, சொன்னது…

— செரி, வுடு. நம்பரத் தேடு. இந்தா பாரு அம்மிணி, அரசியல்ங்கறது ஒரு வேள்வி. நெருப்பாறு. அதுல எறங்கறதுக்கு மின்னால நாட்டு நடப்புத் தெரியோணும். உனக்கு என்ன தெரியும்?

— பஸ்ஸு உங்க பேக்டரி கேட்டோட திரும்பிப் போறது தெரியுமுங்க.

— அது… ஊருக்குள்ள ரோடு சரியில்ல.

— கல்வெட்டு இருக்குதுங்களே, "புதிய சாலை திறப்பு விழா"ன்னு. உங்க பேரு பெருசா, தேதி சிறுசா. கல்வெட்டுத்தானுங்க இருக்குது, ரோடுதானுங்க இல்ல. ஊருக்கு உட்ட பஸ்ஸு, உங்க ஜவ்வரிசிக் கெழங்கு மூட்டையும் உங்க ஆளுங்களும் எறங்குன ஒடனே திரும்பிருது. அங்கிருந்து ஊருக்கு ரெண்டு மைலு. பத்தாவதுக்கு மேல படிக்க ராசிபுரம் போகோணும். பொழுது சாயற நேரத்துல அந்த ரெண்டு மைலப் பொம்பளப் புள்ளைங்க நடக்கறதான்னு எங்க ஊடுகள்ல வுடல. என்னையும் சேத்து ஏழு பேரு போன வருசம் நின்னுட்டமுங்க. நா ஜெயிச்சா பஸ்ஸு ஊருக்குள்ள வரும். வேற ஒரு ஆசையும் இல்லீங்க.

— இவ்வளவுதானா! எங்கிட்டச் சொல்லியிருந்தா முடிச்சிருப்பனே. நாஞ் செய்யறேன். நீ வாபஸ்னு ஒரு கையெழுத்துப் போட்டுரு.

— மூணு தடவ மனு எழுதிக் குடுத்தமுங்க.

— அப்படியா? நா என்ன சொன்னேன்?

— மூணு தடவயும் கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்க. என்ன எழுதியிருக்குதுன்னுதான் படிக்கலீங்க.

— ஒரு நாளைக்கு நூறு காயிதம் வருது, படிச்சிட்டு இருந்தா நாட்ட எவன் பாக்கறது? செரி, ஒரு தையல் மிஷினு வாங்கித் தாரேன். புத்தம் புதுசு.

— வேண்டாமுங்க.

— மாதர் சங்கத் தலைவியாப் போட்டுடறேன். ஒண்ணுமே செய்ய வேண்டாம்.

— அதுதானுங்க வேண்டாம்.

— உங்கொப்பன் தறி ஓட்டிப் பொழைக்கற மனுசன். ஞாபகம் வெச்சுக்கோ.

— தறிக்கு நூலு பள்ளிபாளையத்து முதலாளி குடுக்கறாருங்க. உங்க கிட்ட இருந்து எங்க ஊட்டுக்கு வர்றது பேக்டரித் தண்ணி நாத்தம் ஒண்ணுதானுங்க. அது நா நின்னாலும் வரும், ஒக்காந்தாலும் வரும்.

— சின்னண்ணா! இந்த வாயப் பாத்தியாய்யா! நம்பரு கெடச்சுதா?

— தேடறனுங்க. பொடி எழுத்துங்க.

— இருக்கட்டும். அம்மிணி, இனிச் சட்டம் பேசறேன். எலக்சன்ல நிக்க இருவத்தொரு வயசாகோணும். உனக்கு என்ன வயசு?

— இருவத்தேழுங்க.

— என்னது?

— இருவத்தேழு நடக்குதுங்க.

— அடி கழுத! உன்ற மொட்டைக்கும் காதுகுத்துக்கும் நா வந்து மொய் வெச்சிருக்கறேன். உனக்குப் பதினேழு!

— ஊட்டுக்குப் பதினேழுங்க. ஓட்டுக்கு இருவத்தேழு. லிஸ்ட்டுல அப்படித்தானுங்க போட்டிருக்குது. சின்னண்ணங்க கையில வெச்சிருக்கறாரே, அந்த லிஸ்ட்டுதான். கதவு எண் பதினாலு. பாருங்க.

— சின்னண்ணா, எவன்யா இவ பேர லிஸ்ட்டுல எழுதினது?

— எழுதினது நானு…

— சொன்னது நானா?

— ஆமாங்க. எழுவத்தொம்பது கடேசில. நம்மூருக்குன்னு தனி பூத்து வேணும், நம்ம பூத்து நம்ம கைக்குள்ள இருக்கோணும்னீங்க. அதுக்கு ஓட்டு பத்தலைன்னாங்க. "பொழுது சாயறதுக்குள்ள முப்பது தல சேத்துய்யா, எங்கிருந்தாவது புடி"ன்னீங்க. அவசரத்துக்கு நா தலைக்கு எங்க போவேன்? பள்ளிக்கூடம் போயி அஞ்சாவது வாத்தியாரோட அட்டெண்டன்ஸ் நோட்ட வாங்கி வரிசையா எழுதிப்போட்டனுங்க. எல்லாருக்கும் வயசு இருவத்தொண்ணு.

— அட்டெண்டன்ஸ் நோட்டுல இருந்தா!

— வரிசையக்கூட மாத்தலீங்க. மொதல்ல பசங்க, அப்புறம் புள்ளைங்க. முப்பத்திநாலு பேரு.

— கதவு எண் பதினாலு யாரு ஊடு?

— நம்ம மாடு கட்டற சாளைங்க.

— முப்பத்திநாலு பேரு, ஒரே வயசு, ஒரே மாட்டுச்சாளையில…

— ஆமாங்க. ஒரு ஆபீசரும் இத்தன வருசமா ஒரு வார்த்த கேக்கலீங்க. உங்க கையெழுத்து இருந்துச்சல்ல.

— அதானுங்க. இந்த ஜில்லாவுலயே இளைஞர்கள அரசியலுக்குக் கொண்டாந்தது நீங்க ஒருத்தர்தானுங்க. பத்து வயசுல எனக்கு ஓட்டுரிமை வாங்கிக் குடுத்தீங்க. எம்பதுல எம்.பி.க்கு ஒண்ணு, எம்.எல்.ஏ.வுக்கு ஒண்ணு, எம்பத்திநாலுலயும் அதே மாதிரி ரெண்டு. நாலு தடவ ஓட்டுப் போட்டிருக்கறனுங்க. பூத்துப் பக்கம் ஒரு தடவகூடப் போகாமயே.

— சத்தம் போடாதே. சன்னலச் சாத்துய்யா.

— என்னை முன்மொழிஞ்சது பூவாத்தா. வழிமொழிஞ்சது சௌந்திரம். ரெண்டு பேரும் அஞ்சாவதுல எம்பட பெஞ்சுங்க. ரெண்டு பேருக்கும் இருவத்தேழு. முப்பத்திநாலுல முப்பத்திமூணு பேரும் பேசி வெச்சிருக்கறமுங்க. நாலு தடவ எங்க ஓட்ட நீங்க போட்டீங்க. அஞ்சாந் தடவ நாங்களே போட்டுக்கறோம்.

— இன்னொண்ணு?

— சென்னிமலைங்க.

— எந்தச் சென்னிமலை?

— அட்டெண்டன்ஸ்ல பன்னெண்டாவது பேரு. கேட்டுல பஸ்ஸ உட்டு எறங்கி நடந்து வாரப்ப, உங்க கெழங்கு லாரி அடிச்சுதே, அவன். எம்பத்திமூணுல போயிட்டான். எம்பத்திநாலுலயும் ஓட்டுப் போட்டிருக்கறான்.

— அது விதி சாமி.

— லாரிங்க.

— செரி, செரி. ஆனா நா ஆட்சேபணை எழுதிக் குடுத்தா என்ன பண்ணுவே? "இவளுக்குப் பதினேழு, பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டு இந்தா"ன்னு?

— குடுங்க. அப்பப் பத்து வயசுப் புள்ள எப்படி லிஸ்ட்டுல வந்துதுன்னு கேப்பாங்க. நாலு தடவ போட்டது யாருன்னு கேப்பாங்க. என்னத் தள்ளுனாப் போதுமுங்களா? எம்பட பின்னால மாட்டுச்சாளையே வருதுங்க.

— சின்னண்ணா, ஆபீசர் உன்னக் கேட்டா என்ன சொல்லுவே?

— எழுதினது நானு, சொன்னது நீங்கன்னு சொல்லுவனுங்க. வேற சொல்லி எனக்குப் பழக்கமில்லீங்க.

— தெரியும்யா, தெரியும். கொஞ்சம் ரோசிக்க உடு… ஆங்! இந்தா பாரு அம்மிணி, நா ஒரு ஜனநாயகவாதி. எளசுகளோட மோதறது எனக்குப் பெருமை. நில்லு! நானும் நிக்கறேன்! ஊர்ல எழுநூறு ஓட்டு. முப்பத்திமூணு போனா என்ன, மயிரு ஒண்ணு கொட்டுன மாதிரி. ஆனா ஒரு கண்டிசன். ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தம் எழுதிக்கோணும்.

— என்னன்னுங்க?

— இந்த லிஸ்ட்டு இருக்கறது இருக்கறபடி. யாரும் இதப் பத்தி வாயத் தொறக்கப்படாது. ஒரு பேரச் சேக்கப்படாது, ஒரு பேர எடுக்கப்படாது. லிஸ்ட்டுல இருக்கறவங்க நிக்கலாம், இல்லாதவங்க நிக்கப்படாது. சட்டமே அதான? எழுதுய்யா சின்னண்ணா.

— எழுதிட்டனுங்க. படிச்சுப் பாத்துட்டுப் போடுங்க.

— நா என்னைக்குய்யா படிச்சுட்டுப் போட்டேன்? எங்க போடோணும்னு காட்டு.

— இங்கங்க. பெருக்கல் குறி போட்டிருக்கறேன் பாருங்க.

— போட்டாச்சு. நீ போடறயா அம்மிணி?

— நா படிச்சிட்டுப் போடறனுங்க… "ஒரு பேரையும் சேர்க்கக் கூடாது." சரியா இருக்குதுங்க. போட்டுட்டேன்.

— கெட்டிக்காரி! இனி நீ வாயத் தொறக்க முடியாது. பாத்தியாய்யா, இதான் ராஜதந்திரம். அனுபவம்! பாவம், பச்சப் புள்ள. மணி என்ன?

— ரெண்டு பத்துங்க.

— கார எடுக்கச் சொல்லு. பாரத்தக் கொண்டா. நம்பர எழுதிட்டயா?

— இல்லீங்க.

— இன்னுமா? எழுதப் படிக்கத் தெரியுமாய்யா உனக்கு?

— ஒண்ணுல இருந்து எழுநூத்திப் பன்னெண்டு வரைக்கும் ரெண்டு தடவ பாத்துட்டனுங்க. மூணாந் தடவ பின்னால இருந்தும் பாத்தனுங்க. உங்க பேரு இல்லீங்க.

— இல்லீன்னா? எம்பட ஊர்ல, எம்பட லிஸ்ட்டுல, எம்பட பேரு இல்லீன்னா என்னய்யா அர்த்தம்? மாட்டுச்சாளைக்கு முப்பத்திநாலு ஓட்டு இருக்குது, மாட்டுக்காரனுக்கு இல்லியா?

— போன ஆடியில, அஸ்தம்பட்டி ஊட்டுக்குக் கேஸ் அடுப்பு வேணும், ரேசன் கார்ட அங்க மாத்தோணும்னு உங்க ஊட்டுக்காரம்மா சொன்னாங்களே. நாலு பாரம் கொண்டாந்தனுங்க. எங்க போடோணும்னு கேட்டீங்க. காட்டினனுங்க. மூணு பாரம் கேஸுக்கும் கார்டுக்கும். நாலாவது, உங்க ரெண்டு பேரோட ஓட்டையும் இங்க இருந்து எடுத்து அங்க சேக்கறதுங்க. இப்பத்தான் ஞாபகம் வருது.

— இப்ப ஞாபகம் வருதா! செரி, ஒடனே எழுது. கடேசில ஒரு எடம் இருக்குமல்ல? எழுநூத்திப் பதிமூணுன்னு போடு!

— ஒரு பேரையும் சேக்கக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கறீங்களே. மை இன்னும் காயலீங்க.

— அம்மிணி… சாமி… இது உனக்குத் தெரியுமா?

— தெரியுமுங்க. மனுக் குடுக்கறதுக்கு மின்னால லிஸ்ட்ட முழுசும் ஒக்காந்து படிச்சனுங்க.

— படிச்சிட்டா வாயே தொறக்காம நின்னுட்டு இருந்தே?

— தொறக்கப்படாதுன்னு நீங்கதானுங்க எழுதச் சொன்னீங்க.

— சின்னண்ணா, மூணு மணிக்குள்ள வேற எவனையாவது நிறுத்துய்யா! பேர் இருக்கற எவனையாவது புடிச்சு பாரத்துல கையெழுத்து வாங்கு! கெளம்பு, ஊருக்குள்ள ஓடு!

— எம்பட ஓட்டும் பேக்டரி ஆளுங்க ஓட்டும் வெளியூருலங்க. ஊருக்குள்ள போக பஸ்ஸும் இல்லீங்களே. ரெண்டு மைலு நடந்து போயி, ஆளப் புடிச்சு, நடந்து வரோணும்.

— காரு இருக்குதல்ல!

— அந்த ரோட்டுல காரு போகாதுங்க.

— அப்ப… வேற மனுவே இல்லீன்னா…

— இந்த அம்மிணி அன்னபோஸ்ட்டுங்க.

— நோட்டீசு? ஆயிரங் காப்பி?

— அது வீணாப் போகாதுங்க. பேர மட்டும் மாத்தினாப் போதும்.