சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போடக்கூடாது

பாப் பாட்டு இல்லீங்க சார், பொப் பாட்டு. முன்னால கொம்பு, பின்னால காலு, பொப். சிரிங்க, சிரிங்க. என் கூட்டாளி முனியசாமியும் இப்படித்தான் சிரிப்பான். சிலோன்ல நாங்க அப்படித்தான் எழுதுவோம், அப்படித்தான் சொல்லுவோம். இருபத்தேழு வருசமாச்சு இந்த மலைக்கு வந்து. தோட்டத்து வரிசை வீட்ட லயம்னு சொன்னது லைனு ஆயிருச்சு, வீடு ஊடு ஆயிருச்சு, இது மட்டும் நாக்க விட்டுப் போகமாட்டேங்குது.

என்னது, பஸ்ஸுக்கு நின்னப்ப கோத்தகிரி பேக்கரி டிவில ஓடுச்சே, அதுவா? கருமம். அதப் போயி பொப்புன்னு சொல்லாதீங்க. அஞ்சு பசங்க நின்னானுங்களே, ஒருத்தன் கையிலயாவது ஒரு கிட்டாரு இருந்துச்சா? முடிய நட்டமா நிறுத்திக்கிட்டு, அஞ்சு பேருக்கும் ஒரே வேலை, கைய நீட்டறது மடக்கறது. வாசிக்கறவன் எங்க? பெட்டிக்குள்ள இருக்கான். மெசினு. எங்க தேயிலை பேக்டரி ரோலரு கூட அதவிட நல்லா தாளம் போடும். போட்டுச்சு. இப்பத்தான் வாரத்துல நாலு நாளு மூடிக் கெடக்குதே.

கோபமெல்லாம் இல்லீங்க. என் பேச்சே இப்படித்தான். சரி, கோபந்தான். இருந்துட்டுப் போகட்டும்.

இதுங்களா? இது ஓட்டுச் சீட்டு. அந்த ஓட்டு இல்ல, பாட்டுக்குப் போடற ஓட்டு. தபால்தலையப் பாருங்க, வெளிநாடு. அங்கேர்ந்து சிற்றலையில தினம் ஒரு மணி நேரம் தமிழ்ல பேசுவாங்க. நாங்க கீழ் கோத்தகிரியில நேயர் மன்றம் வச்சுருக்கோம். தலைவர் தங்கவேலு, நாந்தான். செயலாளர் முனியசாமி. உறுப்பினருன்னு சொல்லிக்க ஒரு பதினாலு பேரு. அந்த ரேடியோக்காரங்க வருசா வருசம் ஆசிய நாட்டுப் பாட்டுப் போட்டி நடத்துவாங்க. பத்து நாடு, நாட்டுக்கு ஒரு கோஷ்டி. பத்து நாளு பத்துப் பாட்டும் போடுவாங்க. அப்புறம் நேயருங்க ஓட்டுப் போடணும். ஒரே ஒரு சட்டந்தான். அவங்கவங்க சொந்த நாட்டுக்கு ஓட்டுப் போடக்கூடாது.

நல்ல சட்டந்தானுங்களே? ஆமா, கேக்கறதுக்கு நல்லாத்தான் இருக்குது. சொந்த நாடு எதுன்னு தெரிஞ்சவங்களுக்கு.

போன வருசம் சிலோன் சார்பா வந்தது கோல்டன் பீச். கொழும்புக் கோஷ்டி. நான் பதினெட்டு வயசுலேர்ந்து கேக்கறேன். தலவாக்கலைப் பக்கம் எங்க தோட்டத்துல ஒரே ஒரு ரேடியோ, டீமேக்கரய்யா பங்களாவுல. ஞாயித்துக்கிழமை நானும் முனியசாமியும் வேலிக்கு வெளியில நின்னு கேப்போம். பேஸ் கிட்டாரு வாசிக்கறவன் ஒருத்தன் இருக்கான் பாருங்க, அவன் கம்பிய ஒரு இழுப்பு இழுத்தான்னா நம்ம நெஞ்சுக்கூட்டுக்குள்ள வந்து இடிக்கும். சிங்களத்துல ஒரு வரி, தமிழ்ல ஒரு வரின்னு பாடுவானுங்க. அப்பல்லாம் அப்படிப் பாடலாம். மழையில நனைஞ்சுக்கிட்டு ரெண்டு பேரும் ஆடுவோம்.

ஆமாங்க, அவனுந்தான். அதத்தான் சொல்ல வர்றேன். கூட நின்னு ஆடுனவன், எங்களையெல்லாம் இந்தியாவுக்குத் திருப்பி அனுப்புனப்ப, கப்பல் ஏறி மண்டபம் கேம்ப்புல காலு வச்ச அன்னிக்கே கட்சி மாறிட்டான். இனிமே நமக்கு இதாண்டா நாடு, அதயெல்லாம் மறந்துரு தங்கவேலுன்னான். அன்னிலேர்ந்து மெட்ராஸ் கோஷ்டி சாந்தோம் பாய்ஸ்தான் அவனுக்கு ஒசத்தி. நான் அவன் மூஞ்சிக்கு நேராவே சொல்லுவேன், டேய், அவனுங்க பாட்டுல சக்கரை ஜாஸ்திடா, எல்லாப் பாட்டும் கல்யாண ஊட்டுல கேசரி கிண்டறாப்புல இருக்குதுடான்னு. அவன் சொல்லுவான், உன் கோல்டன் பீச்சு கெழவனுங்களுக்கு மூச்சு வாங்குதுடா, பேஸ் கிட்டாரு இல்ல அது, இருமலுன்னு. இருபத்தஞ்சு வருசம் சார். ரோலரு பக்கத்துல நின்னு சண்டை, டீக்கடையில சண்டை. என் ஊட்டுக்காரியும் அவன் சம்சாரம் வீரம்மாவும், நாங்க கத்தறத பாத்துட்டு, பொழுது போயிருச்சு, ரேடியோவ அமத்துங்கம்பாங்க. ரேடியோவே பாடாது. நாங்கதான் கத்திட்டிருப்போம்.

அவனப் பாக்கத்தாங்க போறேன். திருப்பூரு. பனியன் கம்பெனியில இருக்கான், எட்டு மாசமாச்சு. இந்தச் சீட்டு அவன் பேருக்கு மன்றத்து விலாசத்துல வந்துருச்சு. கொண்டுபோயி குடுக்கணும்.

ஏன் போனான்னா? எல்லாரையும் கேளுங்க, என்ன சொல்லுவாங்க? தேயிலை விலை விழுந்துருச்சு, அதான் போயிட்டான்னுவாங்க. பச்சத்தேயிலைய வாங்க ஆளில்லாம ரோட்டோரம் கொட்டுனத நீங்களும் பேப்பர்ல பாத்துருப்பீங்க. எங்க லைன்ல பாதி ஊடு பூட்டிக் கெடக்குது. அதனால யாரு எதுக்குப் போனாலும் தேயிலை மேல போட்டுரலாம். நானும் எட்டு மாசமா அதத்தான் சொல்லிட்டிருக்கேன்.

ஆனா அவன் அதுக்குப் போகலைங்க. ஒரு மொட்டைக் கடுதாசியால போனான்.

சொல்றேன். போன வருசம் எல்லாரும் சீட்ட எழுதி அனுப்பிட்டோம். ஒரு மாசம் கழிச்சு, நேயர் கடிதம் படிக்கற நேரம். டீக்கடையில பத்துப் பன்னெண்டு பேரு ரேடியோவச் சுத்தி உக்காந்துருக்கோம், முனியசாமியும் இருக்கான். ரேடியோவுல அறிவிப்பாளரம்மா படிக்குது. பெயர் குறிப்பிடாத நேயர் ஒருவர் எழுதியிருக்கிறார்ங்குது. கீழ் கோத்தகிரி முனியசாமி என்பவர் தன்னை இந்தியர் என்று எழுதி இலங்கைக் குழுவுக்கு வாக்களித்திருக்கிறார், ஆனால் அவர் பிறந்தது இலங்கையில், ஆகவே அது சொந்த நாட்டுக்குப் போட்ட வாக்குங்குது. சிரிச்சுக்கிட்டே படிக்குது சார். அப்புறம், மன்னிக்கவும் முனியசாமி அவர்களே, உங்கள் வாக்கு செல்லாதுன்னு முடிச்சுட்டு அடுத்த பாட்டப் போட்டுருச்சு.

அப்புறம் எவனோ ஒருத்தன் மெதுவா, செல்லாத ஓட்டுன்னான். அவ்வளவுதான். மறுநாளு பேக்டரியில அதான் அவன் பேரு. செல்லாத ஓட்டு வர்றான் பாரு. செல்லாத ஓட்டு, டீ குடிச்சியா? ரேசன் கடையில கார்டு நீட்டுனா அங்க ஒருத்தன், இதாவது செல்லுமான்னு கேட்டுச் சிரிக்கறான். இந்த நாட்டுக்காரன்னு சொல்லிக்கறதுக்காக, ஆடிப்பாடுன பாட்டையே வேண்டாம்னு வச்சவன் சார் அவன். அவனப் போயி, ஊரே கேக்கற ரேடியோவுல, நீ இந்த நாட்டுக்காரன் இல்லன்னு சொல்ல வச்சா எப்படி இருக்கும்? மூணு மாசம் பொறுத்தான். பேக்டரி பாதி நாளு மூடுனதும் அதையே சாக்கா வச்சு மூட்டை கட்டிட்டான்.

அத எழுதுனவன் வெளங்குவானா சார்? பேரப் போட வக்கில்லாத பய. உள்நாட்டுக் கவருல வெளிநாட்டுக்குண்டான தபால்தலைய ஒட்டி, கோணக்கோணையா நாலு வரி எழுதி, ஒரு மனுசனோட மரியாதைய மலையிலேர்ந்து உருட்டி விட்டுட்டான். எனக்கு வர்ற ஆத்திரத்துக்கு அவன் கைய ரோலருல விடணும்.

கொஞ்சம் நவுருங்க சார், அந்தம்மா வாந்தி எடுக்கப் போகுது, சன்னலுக்கு வழி விடுங்க. குஞ்சப்பனை தாண்டிட்டா வளைவு கொறைஞ்சுரும்.

யாரச் சந்தேகப்பட்டான்னா? நூருல்லா பாய. கோத்தகிரி பஜார்ல ரேடியோ ரிப்பேரு கடை வச்சுருக்காரு, மன்றத்துல உறுப்பினரு. தங்கமான மனுசன். எங்க ரேடியோவுக்கு இருபது வருசமா அவருதான் டாக்டரு. வெளிநாட்டுக்கு ஒட்டற தபால்தலை எப்பவும் அவருகிட்ட இருக்குமேன்னு முனியசாமி நேரா கடைக்குப் போயி, கஸ்டமர் எல்லாம் நிக்கறப்ப, நீயாடா எழுதுனேன்னு கேட்டுட்டான். பாய் கையில இருந்த திருப்புளிய கீழ வச்சுட்டு என்னையப் பாத்தாரு. நானும் பக்கத்துல நிக்கறேனே. நானாவது அவரு அப்படிப்பட்டவரு இல்லடான்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. அவரு மன்றத்த விட்டுட்டாரு. இப்ப என்னையக் கண்டா சலாம் வைக்கறதில்ல.

அதாங்க கேக்கறேன். அவன் ஏன் கோல்டன் பீச்சுக்கு ஓட்டுப் போட்டான்? இருபத்தஞ்சு வருசம் இருமலுன்னு கிண்டல் பண்ணவன்! எனக்கும் அதான் மண்டைக்குள்ள ஓடிட்டே இருந்துச்சு. அவனுக்குக் காய்ச்சல்னு வீரம்மா அவன் சீட்டையும் எங்கிட்டத்தான் குடுத்துச்சு, எல்லாருதோடயும் சேத்துத் தபால்ல போடச் சொல்லி. பிரிச்சுப் பாத்தேன். நாடு, இந்தியா. ஓட்டு, கோல்டன் பீச். படுபாவி, வெளியில ஒரு வேசம், உள்ளுக்குள்ள நம்ம பாட்டான்னு எனக்கு ஒடம்பெல்லாம் எரிஞ்சுது. சாந்தோம் பாய்ஸ், சாந்தோம் பாய்ஸ்னு என்னைய எத்தன நாளு மட்டந்தட்டியிருப்பான்!

நானா? நான் நாடுங்கற எடத்துல இலங்கைன்னு எழுதுனேன். பொறந்தது அங்கதானே, பொய் எழுத மனசு வரல. இலங்கைன்னு எழுதுனா கோல்டன் பீச்சுக்குப் போட முடியாதுல்ல? சட்டம். அதனால போனாப் போகுது கழுதைன்னு முனியசாமிக்காக அந்தச் சக்கரைப் பாட்டு சாந்தோம் பாய்ஸுக்குப் போட்டேன்.

ம்? ஆமா. அதேதான் சார். நீங்க கேட்ட உடனே சொல்லிட்டீங்க. எனக்கு ஒரு வருசம் ஆச்சு. இந்த வருசச் சீட்டு வந்து, இதே சட்டத்தப் படிச்சுட்டு உக்காந்துருந்தப்பத்தான் ஒறைச்சுது. அவன் இந்தியான்னு எழுதுனா சாந்தோம் பாய்ஸுக்குப் போட முடியாது. அதனால என் கோஷ்டிக்குப் போட்டுருக்கான். எனக்காக. நான் செஞ்சதத்தானே அவனும் செஞ்சுருக்கான். ஒண்ணாப்பு வாத்தியாரு கணக்கு. அது தெரியல இந்த மண்டைக்கு. அந்தச் சீட்டுல ஓரமா, அருமையான பொப் கோஷ்டின்னு வேற எழுதியிருந்தான். பாப் இல்ல. பொப். கொம்பும் காலும் போட்டு. என்னையச் சிரிச்சவன்.

தபால்லயே அனுப்பியிருக்கலாமேங்கறீங்களா? அனுப்பலாம். கடைசித் தேதியா? எங்க, காட்டுங்க. ஆமா, முடிஞ்சு பதினோரு நாளாச்சு. தெரியும். தெரிஞ்சுதான் கொண்டுபோறேன். கைய வீசிக்கிட்டு எப்படிங்க ஒருத்தன் ஊட்டு வாசல்ல போயி நிக்கறது?

அன்னிக்கு அவன வண்டியேத்தி விடப் போனப்ப, சன்னல் வழியா என் கையப் புடிச்சுக்கிட்டான். ஊருல எவன நம்பறதுன்னே தெரியல தங்கவேலு, நீ ஒருத்தன்தான், எழுதுனது யாருன்னு எப்படியாவது கண்டுபுடிச்சுச் சொல்லுன்னான். சரிடான்னேன். வண்டி போயிருச்சு.

என்ன கேட்டீங்க? கடுதாசிய ரேடியோவுலதானே படிச்சாங்க, கோணக்கோணையா இருந்துச்சுன்னு உனக்கெப்படித் தெரியும்னா?

எடது கையில எழுதுனா அப்படித்தாங்க வரும். சோத்துக் கையில எழுதியிருந்தா ரேடியோக்காரங்களுக்குத் தலைவரோட எழுத்துன்னு தெரிஞ்சுருக்கும்ல.

மேட்டுப்பாளையம் வந்துருச்சு, எறங்குங்க சார். உங்க பைய மறந்துராதீங்க. திருப்பூரு பஸ்ஸு எந்தப் பக்கம் நிக்கும், அந்தப் பக்கமா? நேரா அவன் ஊட்டுக்குத்தான். கண்டுபுடிச்சுட்டேன்டான்னு சொல்லணும்.