மூத்தவன் பிரித்த பங்கு

ஆரியசாலையில் வண்டி நிறுத்த இடம் கிடைப்பது லேசில்லை சார். ஜீப்பை எங்கேயோ விட்டுவிட்டு இந்த மழையில் நடந்து வந்திருக்கிறீர்கள். துண்டு தருகிறேன், தலையைத் துவட்டிக்கொள்ளுங்கள். டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறேன். என் மனைவி மங்கலம் போய் ஆறு வருடமாகிறது; பிள்ளைகள் இல்லை. சமையலும் பெருக்கித் துடைப்பதும் நானேதான்.

என் தம்பி ஜெயகுமார் இறந்த அன்று மத்தியானம் எனக்குப் போன் செய்தான். நாலு நிமிடம் என்ன பேசினோம் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன். ஆனால் அதை மட்டும் சொன்னால் உங்களுக்கு ஒன்றும் விளங்காது. பங்கு பிரித்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

நாங்கள் பூர்வீகமாக நாஞ்சில் நாட்டுக்காரர்கள். சொத்துப் பிரிக்க எங்கள் குடும்பத்தில் ஒரு முறை உண்டு. மூத்தவன் பிரிப்பான், இளையவன் முதலில் எடுப்பான். எது தனக்கு மிஞ்சும் என்று தெரியாததால் மூத்தவன் ஒழுங்காகப் பிரிப்பான் என்று கண்டுபிடித்த வழி. அப்பா பூதலிங்கம் பிள்ளையின் உயிலிலும் அவ்வளவுதான் இருந்தது. தாணுலிங்கம் பிரிக்கட்டும், ஜெயகுமார் எடுக்கட்டும்.

சொத்து என்றால் இரண்டுதான். ஒன்று இந்த வீடு. இன்னொன்று, நெடுமங்காடு போகிற வழியில் மலைச்சரிவில் ரப்பர்த் தோட்டமும் அதில் அப்பா கட்டிய கான்கிரீட் வீடும். ஒன்பது வருடம் அப்பா இந்த அறையில்தான் படுக்கையாகக் கிடந்தார். குளிப்பாட்டி, புரட்டிப் படுக்கவைத்து, புண்ணுக்கு மருந்து போட்டது நான். ஜெயகுமாருக்குக் கழக்கூட்டம் ஐ.டி. பார்க்கில் கம்ப்யூட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை பழத்தோடு வருவான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. நல்ல பையன். என்னைவிடப் பதினான்கு வயது சின்னவன். சைக்கிள் ஓட்டச் சொல்லிக்கொடுத்ததே நான்தான்.

அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷம் முடிந்த சாயந்திரம் அவன் என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னான்: “அண்ணே, எனக்கு இந்த வீடு போதும். நீது இங்க வளரட்டும். நீங்க எங்ககூடயே இருங்க, எங்கயும் போவாண்டாம்.”

நீது அவன் மகள். அன்பாகத்தான் சொன்னான். ஆனால் யோசித்துப் பாருங்கள். ஐம்பத்தெட்டு வயதில் நான் பிறந்த வீட்டில் நான் விருந்தாளி. ஸ்வப்னா, அதாவது அவன் மனைவி, காட்டுகிற அறையில் படுக்க வேண்டும். அம்மா மாவாட்டிய கல்லை எடுத்து வெளியே போடுவார்கள். நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. அப்போது நான் எப்படிக் கிடந்தேன் என்று யாருக்கும் தெரியாது.

ஆகவே மலை வீட்டை அவன் விரும்பும்படி செய்ய வேண்டியிருந்தது. அதற்கு முந்தின மழைக்காலத்தில்தான் வாடகைக்கு இருந்தவர்கள் பயந்து காலி செய்திருந்தார்கள். கிரீஷ் என்ற இன்ஜினீயரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். வீட்டுக்குப் பின்னால் மண்ணைத் தாங்கும் சுவர் வயிறு தள்ளி நிற்கிறது, இடித்துக் கட்டுகிறவரை மழைக்காலத்தில் யாரும் அங்கே தங்கக்கூடாது என்றார். எழுதியும் கொடுத்தார். இதோ, அந்தக் காகிதம். உயிலுக்கு அடியில் வைத்திருந்தேன். கிழித்துப் போடக் கை வரவில்லை. முப்பது வருடம் ஆபீஸில் ஃபைல் பார்த்தவன். எழுத்தில் வாங்கியதைத் தொலைத்து எனக்குப் பழக்கமில்லை.

கொத்தனார் தங்கையனை அழைத்துச் சுவரில் விரிசலை எல்லாம் பூசச் சொன்னேன். பூச்சு நிற்காது என்று அவன் முனகினான். நிற்கிறவரை நிற்கட்டும் என்றேன். இளம்பச்சைப் பெயின்ட் அடித்து, அதன்மேல் முல்லை படரவிட்டேன். சுவரை ஒட்டி நிழலில் ஒரு ஊஞ்சலும் போட்டேன். நீதுவுக்கு எட்டு வயது, ஊஞ்சல் என்றால் உயிர்.

பங்கு எடுப்பதற்கு முந்தின ஞாயிறு எல்லோரையும் அங்கே கூட்டிப்போனேன். குழந்தை ஊஞ்சலை விட்டு இறங்கவே இல்லை. மறு ஞாயிறு பழவங்காடி பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வந்தோம். தாம்பாளத்தில் இரண்டு காகிதம் வைத்தேன். தோட்டம் முழுவதையும் மலை வீட்டோடு சேர்த்திருந்தேன். எனக்கு மனசு தாராளம் என்று சொந்தக்காரர்கள் பேசிக்கொண்டார்கள். ஜெயகுமார் என்னைப் பார்த்தான், மகளைப் பார்த்தான், மலை வீட்டை எடுத்தான். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவன் கைதான் நீண்டது சார்.

மார்ச்சில் குடிபோனார்கள். ஜூனில் மழை பிடித்தது. அன்று பள்ளிக்கூடத்துக்கு மழை லீவு. ஸ்வப்னா ஆபீஸ் போயிருந்தாள். மகளைப் பார்த்துக்கொள்ள ஜெயகுமார் வீட்டிலிருந்தே வேலை செய்தான். மூன்றரைக்கு அந்தப் போன்.

“அண்ணே, சுவருக்க அடியில இருந்து கலங்கித் தண்ணி வருது. நீது பேடிச்சு அழுதிட்டு இருக்கா. நாங்க ரெண்டு நாள் அங்க வந்து இருக்கட்டா?”

கலங்கல் தண்ணீர் வந்தால் என்ன அர்த்தம் என்று கிரீஷ் எனக்குச் சொல்லியிருந்தார். சொல்ல ஒரு நொடி போதும், வா என்ற ஒரு எழுத்து. ஆனால் வந்தால் ரெண்டு நாளோடு நிற்காது. சுவரை ஆள் வைத்துப் பார்ப்பான். உண்மை தெரியும். பங்கு செல்லாது என்பான், மறுபடியும் பிரிக்கச் சொல்வான். இந்த முறை எதை எடுப்பான் என்று எனக்குத் தெரியாதா?

“மலைத் தண்ணி அப்பிடித்தாம்ல வரும். இந்த மழையில பிள்ளையக் கூட்டீட்டு ரோட்டுல எறங்காத. கதவ அடச்சிட்டு உள்ள இரி.”

“செரி அண்ணே” என்றான். சின்ன வயதிலிருந்தே நான் சொன்னால் கேட்பான். மீதி நேரமெல்லாம் என் பிரஷர் மாத்திரையைப் பற்றித்தான் விசாரித்தான்.

ஐந்து மணிக்கு மண் இறங்கியது. இரண்டு பேரையும் எடுக்க மறுநாள் மத்தியானம் ஆயிற்று. நீது அவன் மார்பில் ஒட்டிக் கிடந்தாள். நான்தான் அடையாளம் சொன்னேன். அன்றைக்கு அழுதது வேஷம் இல்லை. நீங்களும் அங்கே நின்றீர்கள், பார்த்தீர்கள்.

காரியம் முடிந்த பிறகு ஸ்வப்னா இந்த வாசலில் ஒரு பையோடு வந்து நின்றாள். கொஞ்ச நாள் இங்கே இருந்துகொள்ளட்டுமா என்று கேட்டாள். வீட்டில் பெயின்ட் வேலை நடக்கப்போகிறது என்றேன். தலையாட்டிவிட்டுக் கழக்கூட்டத்தில் ஏதோ ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள்.

எழுதிக்கொள்ளுங்கள் சார். சுவர் விழும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கொடுத்தேன், தெரிந்துதான் வர வேண்டாம் என்றேன். இருவரையும் கொன்றது நான்தான். கையெழுத்து எங்கே வேண்டுமானாலும் போடுகிறேன்.

சட்டையை மாற்றிக்கொண்டு வருகிறேன், போகலாம். பின்வாசல் பூட்டியாகிவிட்டது, முன்வாசல் சாவி இதோ. ஸ்டேஷனிலேயே இருக்கட்டும். நான் திரும்பி வருகிறவரை ஸ்வப்னாவிடம் மட்டும் அதைக் கொடுத்துவிடாதீர்கள்.