யூஜின் வயல் வழியாக ஒரு குழாய்

— இன்னும் எத்தனை தடவைதான் அந்த மூடியைத் தூக்கிப் பார்ப்பே டோனல்? நீ பார்க்கப் பார்க்கச் சாணித் தொட்டி என்ன குறையவா போகுது?

— ஒரு சாண்தான் பாக்கி, அசும்ப்தா. ஒரே ஒரு சாண். நாப்பது மாடும் கொட்டகைக்குள்ளேதான் நிக்குது. சாணி போடாதீங்கன்னு அதுங்ககிட்ட சொல்லவா முடியும்?

— வழிஞ்சு ஏரிக்குப் போகும். மீன் செத்து மிதக்கும். கவுன்சில்காரன் அபராதம் போட வந்து நிப்பான். காலையிலேருந்து இதைத்தான் கேட்டுக்கிட்டிருக்கேன். உன் அருமைக் காண்ட்ராக்டர் மெக்கேப் என்ன சொன்னான்?

— நாளைக்கு டேங்கரோட வந்து அள்ளிட்டுப் போய் வயல்ல அடிக்கறேன்னான்.

— எந்த நாளைக்கு? போன செவ்வாய் சொன்ன நாளைக்கா, நேத்து சொன்ன நாளைக்கா?

— இதோ பாரு, அவனும் மனுஷன்தானே. குளிர்காலம் நாலு மாசம் யாரும் வயல்ல சாணிக் கரைசல் அடிக்கக் கூடாதுன்னு சட்டம். அப்புறம் ஒரு மாசம் விடாத மழை. இப்பத்தான் கிழக்குக் காத்து அடிச்சு நிலம் காஞ்சிருக்கு. மொனகன் மாவட்டம் முழுக்க ஒரே நாள்ல கூப்பிட்டா அவன் எங்கேன்னு போவான்?

— நம்ம வீட்டைத் தவிர எல்லா வீட்டுக்கும் போவான். நம்ம சந்துல அவன் டேங்கர் நுழையாது. போன வருஷம் வாசல் தூணை இடிச்சுட்டு, என் ஆப்பிள் டார்ட்டுல பாதியையும் தின்னுட்டு, ‘தூணு கொஞ்சம் வெளியே நிக்குது மிஸஸ்’னு சொல்லிட்டுப் போனானே, மறந்துட்டியா?

— தூணு வெளியேதான் நிக்குது.

— என் ராசா! இடிச்சவனுக்கு நீ வக்கீலா? கொல்லையில இம்மாம் பெரிய உருளையில குழாய் சுத்திக் கெடக்கே, அதை என்ன அழகுக்கா வாங்கினோம்?

— வாங்கினது நீ. ஏலத்துல நான் டீ வாங்கப் போன நேரமாப் பார்த்துக் கையைத் தூக்கினதும் நீ.

— நீ பக்கத்துல இருந்தா தூக்க விட்டிருப்பியா? ஒரு கிலோமீட்டர் குழாய்! முற்றத்துல தொட்டியிலேருந்து கரைசலைக் குழாய்க்குள்ள தள்ளற பம்பை நான் பார்த்துக்கறேன். நீ வயல்ல டிராக்டரை ஓட்டு, குழாய் பின்னாலேயே இழுபட்டுக் கரைசலை அடிச்சுக்கிட்டு வரும். டேங்கர் வேணாம், சக்கரம் பதிஞ்சு நிலம் நாசமாக வேணாம், எவன் காலையும் பிடிக்க வேணாம்.

— குழாய் வெடிச்சா?

— பம்பை நிறுத்துவேன்.

— நடுவுல இணைப்பு கழண்டா?

— அப்பவும் நிறுத்துவேன்.

— சரி, பம்பே நின்னு போச்சுன்னா?

— அப்ப நிறுத்துற வேலை மிச்சம். டோனல், நீ குழாய்க்குப் பயப்படல.

— பின்னே எதுக்குப் பயப்படறேனாம்?

— வீட்டைச் சுத்தி இருக்கற பள்ள வயலெல்லாம் இன்னும் சேறு. டிராக்டரைத் தாங்குற நிலம் நம்ம மேட்டு வயல் ஒண்ணுதான். ரோட்டைச் சுத்திப் போனா மூணு மைல், குழாய்ல நேரா போனா எண்ணூறு மீட்டர். நடுவுல யாரு வயல் இருக்கு? வாயைத் திறந்து சொல்லு.

— தெரிஞ்சுக்கிட்டே கேக்கறே.

— உங்க அண்ணன் யூஜின் வயல். ஒரே தாய் வயித்துப் பிள்ளைங்க. ஆனா பதினோரு வருஷமாப் பேச்சு கெடையாது. மாதா கோயில்ல ஒரே பெஞ்சுல ஆளுக்கொரு முனை. பூசை நடுவுல சமாதானம் சொல்லிப் பக்கத்துல இருக்கறவங்களுக்குக் கை குடுக்கற நேரத்துல அவர் கூரையைப் பார்க்கறார், நீ உன் ஷூவைப் பார்க்கறே. நடுவுல நானும் அவர் பொண்டாட்டி ரோஸ்லீனும்தான் ரெண்டு குடும்பத்துக்கும் சேர்த்துக் கை குடுத்துக்கறோம்.

— நான் செஞ்ச காரியம் அப்படி.

— நீ என்ன கொலையா பண்ணிட்டே?

— அதைவிட மோசம். ஃபாதர் வீடு வீடா வந்து பூசை வைக்கற முறை, பதினோரு வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஒரு வீட்டுக்கு வருது. அவங்க வீடு முழுக்கப் பெயின்ட் அடிச்சாங்க. புதுத் திரைச்சீலை தச்சுப் போட்டாங்க. அங்கே சமையக்கட்டு மேசையில ஃபாதர் பூசையை ஆரம்பிக்கறார், இங்கே நான் காத்து வர்ற பக்கமாப் பார்த்துச் சாணிக் கரைசலை அடிக்கறேன்.

— அடிச்சது மெக்கேப்.

— தொட்டி என்னுது, வயல் என்னுது. அவன் சொல்லாம கொள்ளாம வந்து நின்னான். இன்னைக்கு விட்டா மூணு வாரம் ஆகும்னான். நானும் சரின்னுட்டேன்.

— நான் அங்கேதானே முட்டி போட்டிருந்தேன். ஃபாதர் நற்கருணை அப்பத்தைத் தூக்கறார், கண்ணுல தாரை தாரையாத் தண்ணி. அவர் பக்தியில உருகறார்னு நெனச்சு முன்வரிசை மொத்தமும் சேர்ந்து அழுதுச்சு!

— சிரிக்காதே அசும்ப்தா.

— பதினோரு வருஷமா அடக்கி வச்சிருக்கேன், இன்னைக்காவது விடு. அன்னைக்கு நம்மகிட்டயே குழாய் இருந்திருந்தா நீ வேற ஒரு நாள்ல அடிச்சிருப்பே. அதுக்குத்தான் ஏலத்துல கையைத் தூக்கினேன். போனைப் போட்டு அவர்கிட்ட கேளு.

— கடுதாசி எழுதறேனே.

— எழுது. அது போய்ச் சேர்றதுக்குள்ள தொட்டி ஏரிக்குப் போய்ச் சேர்ந்துடும். இந்தா, நானே போட்டுட்டேன். மணி அடிக்குது, பிடி.

— ஐயோ, பாவி! நான் என்ன பேசறதுன்னே...

— ஹலோ?

— யூஜின் அண்ணே... நான் டோனல்.

— எந்த டோனல்?

— உன் தம்பி.

— ம். அவனா. சொல்லு.

— வந்து... நிலம் நல்லா காஞ்சிருக்கு.

— காஞ்சிருக்கு.

— கிழக்குக் காத்து.

— காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு உனக்குத் தெரியும்போல. சந்தோஷம்.

— டோனல், வானிலை போதும், விஷயத்துக்கு வா!

— பின்னாடி யாரு, அசும்ப்தாவா?

— ஆமா. அண்ணே, என் தொட்டி வழியப் போகுது. ஒரு குழாய் வாங்கியிருக்கோம். மேட்டு வயலுக்கு இழுக்கணும். உன் வயல் ஓரமா, ஒரே ஒரு நாள்... இல்ல, அதுக்கு முன்னாடி இன்னொண்ணு. அந்தப் பூசை அன்னைக்கு உன் வீடே நாறிப்போச்சு. அன்னைக்குச் சாயங்காலமே வந்து மன்னிப்புக் கேட்டிருக்கணும். வெக்கமா இருந்துச்சு. ஒரு வருஷம் போச்சு, ரெண்டு வருஷம் போச்சு, அப்புறம் எந்த முகத்தோட வந்து நிக்கறதுன்னு இருந்துட்டேன்.

— நாத்தமா? நாத்தத்துக்கு எவன்டா கோவிச்சான்? மாடு வளர்க்கறவன் வீடு வேற எப்படி மணக்கும்?

— பின்னே எதுக்கு அண்ணே?

— அம்மா போனதுக்கு அப்புறம் வந்த முதல் பூசை அது. அம்மா பேரைச் சொல்லித்தான் வச்சோம். ஊரே வந்துச்சு. என் பக்கத்துல உனக்கு ஒரு நாற்காலி போட்டு வச்சிருந்தேன். கடைசி வரைக்கும் காலியாக் கெடந்துச்சு. ஜன்னல் வழியாப் பார்த்தா, நீ அந்த மெக்கேப்கூட வயல்ல நிக்கறே.

— அண்ணே...

— குழாயை எப்ப வேணா இழுத்துக்கோ, வயல் கேட்டைத் திறந்து விடறேன். வெள்ளிக்கிழமை மறுபடியும் எங்க வீட்டுப் பூசை முறை. சாணி ஒட்டின பூட்ஸோட வந்தாலும் பரவாயில்ல, இந்தத் தடவை அந்த நாற்காலியில வந்து உட்காருடா.