திங்கக்கிழமை வரைக்கும் அப்பா

— நான் சொல்றத ஒண்ணு விடாம உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்க, ஐயா. திங்கக்கிழமையிலேருந்து இவ கிளாஸுக்கு சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருத்தர் வர்றார். வாத்தியார் பேசுறத கையால இவளுக்குச் சொல்வார். இவ கையால சொல்றத வாயால எங்களுக்குச் சொல்வார். ரெண்டு வருஷமா இவ கேட்டது கிடைச்சிருச்சு. இன்னிக்கு மட்டும் அந்த வேலைய நீங்க பாருங்க.

— பாத்துட்டாப் போச்சு, மேடம். வீட்ல இவ பாஷை தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான். துணி அளந்துக்கிட்டிருந்த கை, இவளுக்காகப் பேசக் கத்துக்கிச்சு.

— சரி, சொல்லுங்க.

— சொல்லியாச்சு, மேடம்.

— என்ன, முகம் இப்படிச் செத்துப்போச்சு? துள்ளிக் குதிப்பான்னு நெனச்சேன்.

— எதிர்பாக்கல, பாருங்க. காய்ஞ்ச நிலத்துல முதல் தூறல் விழுந்தா புழுதிதான் கெளம்பும்.

— போன மாசம் இவ ஒரு கட்டட மாடல் செஞ்சு கொண்டாந்து வச்சா. நாங்க மூணு பேர் சுத்தி நின்னு பேசினோம். படிக்கட்டப் பிச்சிட்டு மறுபடி செய்யின்னேன். சிரிச்சுக்கிட்டே தலையாட்டினா. திமிருன்னு நெனச்சு மார்க்கக் கொறச்சிட்டோம். அப்புறம்தான் எனக்கு உறைச்சது. யாரு என்ன சொன்னாங்கன்னே தெரியாம ரெண்டு வருஷம் கட்டடக்கலை படிச்சிருக்கா.

— அவ தலையெழுத்து, மேடம்.

— தலையெழுத்து இல்ல, எங்க அலட்சியம். சரி, இப்ப கேளுங்க. வர்ற வருஷமும் தொடர்ந்து படிக்கிறாளா? அவளேதான் சொல்லணும், அது ரூல்.

— கேட்டுட்டேன். வேணாங்கிறா, மேடம். வீட்டுக்கே வந்துடுறேங்கிறா.

— என்னய்யா இது? எத்தன தடவ என் ரூம் வாசல்ல வந்து நின்னவ!

— இவ அம்மா விழுந்து இடுப்பொடிஞ்சு படுத்த படுக்கை. வீட்ல மிச்சமெல்லாம் ஆம்பளைங்க. தாய் நெனப்பு வந்துட்டா படிப்பு எந்த மூலைக்கு?

— இவ்ளோ நேரம் கையாட்டிக்கிட்டிருந்தா. நீங்க ஒரே வரியில முடிச்சிட்டீங்க.

— துணிய விரிச்சா பத்து கெஜம், மடிச்சா ஒரு முழம். பொண்ணு விரிச்சா, நான் மடிச்சுக் கொடுத்தேன்.

— விளையாடாதீங்க. நானே ஒரு பேப்பர்ல எழுதிக் கேட்டுடுறேன்.

— தாராளமா எழுதுங்க. ஆனா ஒண்ணு. நீங்க எழுதிக் கேட்டா, மேடம் மனசு நோகுமேன்னு படிக்கிறேன்னுதான் எழுதித் தருவா. அப்புறம் அம்மாவ நெனச்சு ஹாஸ்டல்ல உக்காந்து குமைவா. சரக்கப் பாத்ததும் விலை சொல்றவன் நான், பெத்த பொண்ணு மனசு எனக்குத் தெரியாதா? நான் என்ன கெடுதலா சொல்லப்போறேன்?

— அதுவும் சரிதான். அப்பாவ விட யாரு சரியாச் சொல்லப்போறாங்க? எனக்கும் மீட்டிங் ஆரம்பிச்சிருச்சு... ஐயோ, அழறாளே. என்னப் பாத்துக் கை கூப்புறா.

— நன்றி சொல்றா. இவ்ளோ பாடுபட்டீங்களே, வீணாப் போச்சேன்னு மன்னிப்பும் கேக்குறா.

— மன்னிப்பெல்லாம் எதுக்கும்மா? அம்மாவ நல்லாப் பாத்துக்கோ. எப்ப வேணாலும் திரும்பி வரலாம், இடம் இருக்கும். இத அவசியம் சொல்லுங்க, ஐயா.

— அதையும் சொல்லிட்டேன்.

— அதுக்கும் அழுகையா? மேசையத் தட்டி என்னமோ சொல்ல வர்றா, பாருங்க.

— போதும் பாப்பா, மேடத்துக்கு வேலை இருக்கு. வா, வா.

— ரெண்டு கையையும் இப்படி வாரி அணைச்சுப் பிடிச்சிட்டீங்களே. கொடுத்து வச்ச பொண்ணு. எங்கப்பா என் கையப் பிடிச்சதா எனக்கு ஞாபகமே இல்ல.

— பிள்ளைதானே மேடம் சொத்து. வர்றோம்.

— ஹலோ? தங்கச்சி நம்பர்லேருந்து குரல் வருது, யாரு பேசுறது?

— அப்பாதான்டா, பெரியவனே. இந்த போன் இனிமே எங்கிட்டயே இருக்கட்டும். நாளைலேருந்து நீ கடையப் பாரு, அம்மாவப் பாக்க ஆள் வந்தாச்சு.

— தங்கச்சி ஒத்துக்கிட்டாளா?

— அவள யாருடா கேட்டா? உனக்கு இங்க இடமில்லைன்னுட்டாங்கன்னு கையால சொன்னேன், நம்பிட்டா. இன்னொரு தடவ கேளுங்கப்பான்னு அந்தம்மா முன்னாடியே கெஞ்சினா.

— பாவம்ப்பா... இப்ப என்ன பண்றா?

— காலேஜ் வாசல்ல நிக்கிறோம். வண்டி வந்துருச்சு, வச்சிடுறேன். ஒரு கையில போனு, இன்னொரு கையில இவ ரெண்டு மணிக்கட்டும். விட்டா பேசிடுவா.