அண்ணன் அடித்துக் கொன்ற பாம்பு என்னுடையது

என் பெயர் லிபேரா மர்சிலி. தகப்பனார் பெயர் பன்ஃபிலோ மர்சிலி. வயது பதிமூன்று. பியெத்ரகாவா ஊரில் மேல் ஊற்றுத் தெருவின் கடைசி வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன் லொரேத்தோ, அண்ணி அசுந்தா ஆகியோருடன் வசித்து வருகிறேன். அருட்சகோதரிகள் நடத்தும் பள்ளியில் படிக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியும்.

ஐயா, நேற்று தாங்கள் ஸ்டேஷனிலிருந்து வந்து எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அம்மாவிடம் வாக்குமூலம் வாங்கியபோது முதலில் பெயர், பிறகு வயது, பிறகு விலாசம், அதன் பிறகு நடந்தது என்று கேட்டீர்கள். நானும் அந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வீட்டில் எல்லோரும் தூங்குகிறார்கள். விளக்கு ஏற்றினால் அப்பா எழுந்துவிடுவார் என்பதால் அடுப்புத் தணலுக்குப் பக்கத்தில் இருந்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்க வேண்டும்.

இந்த வருடம் பாம்புத் திருவிழாவுக்கு முந்தின வாரம், பழைய மாவு மில்லுக்குப் பின்னால் இடிந்து கிடக்கும் கோழிக்கூட்டில் ஒரு நாலுகோட்டுப் பாம்பைப் பார்த்தேன். என் உயரத்தைவிட நீளம். யாரோ விட்டுப்போன கோழி இட்ட முட்டை ஒன்றை அது பாதி விழுங்கியிருந்தது. வாயில் முட்டை இருந்ததால் அதற்கு ஓடவும் முடியவில்லை, கடிக்கவும் முடியவில்லை. அவசரப்படுத்தினால் கக்கிவிடும் என்று விழுங்கி முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகு பிடித்துப் பையில் போட்டுக்கொண்டேன். அதற்கு விஷம் கிடையாது. எங்கள் ஊரில் பிள்ளைகளும் பிடிப்பார்கள்.

திருவிழா அன்று மற்றவர்களைப் போல நானும் அதைக் கொண்டுபோய்ப் புனிதரின் சிலைமேல் விட்டேன். அது நேராகக் கழுத்தைச் சுற்றிக்கொண்டு காதருகில் தலையை வைத்து அசையாமல் கிடந்தது. சாலை வேலை பார்க்கும் சேசிதியோ அண்ணன்தான் எங்கள் ஊரில் அதிகப் பாம்பு பிடிப்பவர். சிலையைத் தூக்கிக்கொண்டே என்னைப் பார்த்து, "சின்ன டீச்சர், உன் பாம்பு சாமி காதுல பாவமன்னிப்புக் கேக்குது. இவ்வளவு நேரமாவுதுன்னா நெறைய பாவம்தான் போல," என்றார். தூக்கியவர்கள் சிரித்ததில் புனிதர் குலுங்கினார்.

திருவிழா முடிந்தால் ஒவ்வொரு பாம்பையும் பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட வேண்டும். விடாமல் வைத்திருப்பவர் வீட்டில் தொட்டில் நிற்காது, பிறந்த பிள்ளை தங்காது என்று சொல்வார்கள். நானும் விடுவதற்காகத்தான் மில் பாதையில் போனேன். பாதி வழியில் பையைத் திறந்து பார்த்தேன். அது என் மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது. நான் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். இதற்கு வேறு காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

அதன் பிறகு அதை மாட்டுக் கொட்டகைக்கு மேலே பரணில், உபயோகத்தில் இல்லாத தானியப் பெட்டிக்குள் வைத்து மூடிமேல் கல் ஏற்றினேன். எலிப்பொறியில் விழுந்த எலியைக் கொடுத்தேன், தலையைத் திருப்பிக்கொண்டது. தவளை கொடுத்தேன், பல்லி கொடுத்தேன், குருவிக் குஞ்சு கொடுத்தேன். எதையும் தொடவில்லை. முட்டை கொடுத்தபோது என் உள்ளங்கையிலிருந்தே எடுத்தது. முட்டை கழுத்துக்குக் கீழே மெதுவாக இறங்குவதைப் பார்க்கலாம். கொஞ்ச நேரத்தில் அதற்குள்ளேயே காய்ந்த சுள்ளி ஒடிவது போலச் சத்தம் கேட்கும். அந்தச் சத்தத்தைக் கேட்பதற்காகவே பள்ளி விட்டதும் ஓடி வருவேன்.

எங்கள் வீட்டில் கோழிகளைப் பார்ப்பது என் வேலை. ஆகவே முட்டை எடுப்பதில் எனக்குச் சிரமம் இருக்கவில்லை. கோழிகள் சரியாக இடவில்லை என்று அம்மாவிடம் சொன்னேன்.

பாம்பு முட்டை மட்டும்தான் தின்னும் என்று என்னைத் தவிரத் தெரிந்தவர் சேசிதியோ அண்ணன் ஒருவரே. கல் இழுக்க எங்கள் கோவேறு கழுதையை இரவல் கேட்டு வந்தபோது, "உன்னுதை விட்டுட்டியா?" என்று கேட்டார். என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அவரைப் பரணுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். எலியைத் தொடாது என்று சொன்னதற்கு, "முட்டை மட்டும்தானா? நம்ம பங்குச் சாமியார் மாதிரியே இருக்காரு," என்று சிரித்தார். அதன் பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "புள்ள பொறக்கப்போற வீடு இது. உங்க ஆளுங்க கண்ணுல பட்டா பாம்புக்கும் நல்லதில்ல, உனக்கும் நல்லதில்ல. கொண்டுபோய் விட்டுடு," என்றார். விடுகிறேன் என்று சொன்னேன். விடவில்லை.

கோதுமை அறுப்பு நடக்கும்போது அண்ணிக்கு ஆண் குழந்தை பிறந்தது. தொனாத்தோ என்று பெயர் வைத்தோம். அண்ணிக்குப் பால் ஊற வேண்டும் என்று தினமும் காலையில் பச்சை முட்டையை இனிப்பு வைனில் அடித்துக் கொடுக்கும்படி மருத்துவச்சி சொன்னாள். அண்ணி என்னைக் கோழிக்காரி என்றுதான் கூப்பிடுவாள். படுக்கையில் இருந்தபடியே, "ஏ கோழிக்காரி, உன் கோழிங்க இன்னும் நோன்பா? ஈஸ்டர் முடிஞ்சு எத்தனை நாளாச்சு, போய் அதுங்களுக்குச் சொல்லு," என்பாள். நான் சிரித்தேன். அன்றும் அண்ணிக்கு ஒன்று, பாம்புக்கு ஒன்று என்றுதான் பிரித்தேன்.

அதன் பிறகு அண்ணிக்குப் பால் குறைந்தது. குழந்தை அழுதுகொண்டே இருந்தான். பிறகு அழுவதும் குறைந்தது. பால் வாசனைக்குப் பாம்பு வரும், தாய் தூங்கும்போது மார்பில் குடிக்கும், குழந்தை அழாமல் இருக்கத் தன் வால் நுனியை அதன் வாயில் வைக்கும் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அம்மா அதை நம்புகிறவள். தாங்களும் இந்தப் பக்கத்தில் இருப்பவர், கேள்விப்பட்டிருப்பீர்கள்.

பால் குறைந்தது தெரிந்ததும் எனக்குப் பயம் வந்தது. அன்றிலிருந்து எல்லா முட்டையையும் அண்ணிக்கே கொடுத்தேன். பாம்புக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. அது பெட்டிக்குள் சுற்றிச் சுற்றி வரும் சத்தம் கேட்டும் மேலே போகாமல் இருந்தேன். அண்ணியின் கட்டிலுக்குப் பக்கத்தில் முட்டைக் கூடையை வைத்ததும் நான்தான்.

அதன் பிறகு அம்மா அடுப்புச் சாம்பலைச் சலித்துக் கட்டிலைச் சுற்றித் தூவினாள். பாம்பு வந்து போனால் தடம் தெரியும் என்பதற்காக இப்படிச் செய்வது வழக்கம். மறுநாள் காலையில் சாம்பலில் தடம் இருந்தது. கைவிரல் அளவு அல்ல, மணிக்கட்டு அளவு அகலம், வளைந்து வளைந்து போயிருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து மார்பில் அடித்துக்கொண்டாள். அண்ணி தன் சட்டையைத் திறந்து திறந்து பார்த்தாள். எல்லோரும் கட்டிலைப் பார்த்தார்கள். தடம் கட்டிலுக்குப் போகவில்லை. முட்டைக் கூடைக்குப் போயிருந்தது. கூடையில் ஒரு முட்டை குறைந்திருந்தது. இதை நான் பார்த்தேன். சொல்லவில்லை. நான் பரணுக்குப் போனபோது பெட்டியின் பலகை ஒன்று பெயர்ந்திருந்தது. பாம்பு திரும்பி வந்து உள்ளேயே சுருண்டிருந்தது. நான் பலகையை ஆணி அடிக்காமல் துணியைத் திணித்து அடைத்தேன். ஆணி அடித்தால் சத்தம் கேட்கும்.

அன்று மாலை டாக்டர் வந்தார். தாயாருக்குப் பால் போதவில்லை, பாம்பு ஒன்றும் குடிக்கவில்லை, மருந்துக் கடையில் பால் பொடி வாங்கிக் கொடுங்கள் என்று சொன்னார். அவர் போன பிறகு அப்பா, "மொதல்ல பாம்பு. அத நிறுத்தாம டப்பாப் பால் வாங்கி என்னத்துக்கு? அதையும் அதுதான குடிக்கும்," என்றார். லொரேத்தோ அண்ணன் வாங்கலாம் என்று சொல்லிப் பார்த்தான். அப்பா கேட்கவில்லை. அதன் பிறகு இருவரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுச் சுவரின் பொந்துகளைக் கிளறப் போனார்கள். பாம்பு என்னுடையது, அது முட்டை மட்டும்தான் தின்னும் என்று அந்த நேரத்தில் நான் சொல்லியிருந்தால் பால் பொடி வாங்கியிருப்பார்கள். அப்பாவின் கையில் மண்வெட்டி இருந்தது. நான் சொல்லவில்லை.

அதற்குப் பதிலாகச் சாலைக்கு ஓடிப்போய் சேசிதியோ அண்ணனிடம் அழுதேன். பாம்பை எடுத்துக்கொண்டு போய்க் கோழிக்கூட்டில் விட்டுவிடும்படி கேட்டேன். அவர் என்னைத் திட்டவில்லை. கல் இறக்கும் வேலை இருக்கிறது, சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்றார்.

தொனாத்தோ வெள்ளிக்கிழமை விடியற்காலையில் இறந்துபோனான். சாவு வீட்டு வழக்கப்படி அம்மா கண்ணாடியைத் துணியால் மூடினாள். லொரேத்தோ அண்ணன் தொட்டில் பலகைகளையே கழற்றிப் பெட்டி செய்தான். சனிக்கிழமை அடக்கம் நடந்தது. திரும்பி வந்த பிறகு அண்ணியின் கறுப்புச் சட்டையில் மார்பில் இரண்டு இடம் ஈரமாக இருந்தது. பால் வந்திருந்தது. அண்ணி அதை யாருக்கும் காட்டாமல் சால்வையை இழுத்து மூடிக்கொண்டாள். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரியும்.

சேசிதியோ அண்ணன் சொன்னபடி அன்று சாயங்காலமே வந்தார். வீட்டுக்குள் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் இருந்தார்கள். அவர் கொட்டகையின் பின்பக்க ஏணி வழியாகப் பரணில் ஏறினார். போகும் வழிக்கு ஆகட்டும் என்று நான் காலையிலேயே பாம்புக்கு ஒரு முட்டை கொடுத்திருந்தேன். அவர் பையோடு இறங்கும்போது, அழுவதற்காகக் கொட்டகைக்கு வந்திருந்த லொரேத்தோ அண்ணன் பார்த்துவிட்டான். பை அசைந்தது. அண்ணன், "என்னது அது?" என்று கேட்டான். நான் மாட்டுக்குப் பின்னால் நின்றேன். சேசிதியோ அண்ணன் என்னைப் பார்த்தார். அதன் பிறகு அண்ணனைப் பார்த்து, "என் பாம்பு. எங்கிட்டேர்ந்து தப்பி வந்துட்டுது. எடுத்துட்டுப் போறேன், லொரேத்தோ. உன் துக்கத்துல நானும் இருக்கேன்," என்றார்.

லொரேத்தோ அண்ணன் கதவுக்குத் தாழ்ப்பாளாகப் போடும் கட்டையை எடுத்தான். சேசிதியோ அண்ணன் கையை ஓங்கவில்லை. கத்தி எதுவும் அவரிடம் இருக்கவில்லை. பையைத்தான் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். முதல் அடியில் விழுந்தார். விழுந்த பிறகும் அடி விழுந்தது. எத்தனை என்று எனக்குத் தெரியாது, கண்ணை மூடிக்கொண்டேன்.

அதன் பிறகு பையிலிருந்து வெளியே வந்த பாம்பை அண்ணன் அடித்தான். சத்தம் கேட்டு எல்லோரும் ஓடி வந்தார்கள். பாம்பின் வாயிலிருந்து வெள்ளையாக வழிந்தது. பெண்கள் அதைப் பார்த்து, "பால், அசுந்தாவோட பால்," என்றார்கள். ஒருத்தி மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள். அது முட்டையின் வெள்ளைக்கரு. அதில் மஞ்சளும் ஓடும் இருந்தன. எல்லோரும் பார்த்த இடத்தில்தான் இருந்தன. பாம்பைக் கொட்டகைக்குப் பின்னால் எருக்குழியில் போட்டிருக்கிறார்கள். தாங்கள் ஆள் வைத்துத் தோண்டிப் பார்க்கலாம்.

சேசிதியோ அண்ணன் இப்போது நகரத்து ஆஸ்பத்திரியில் யாரையும் அடையாளம் தெரியாமல் படுத்திருக்கிறார். அவர் மனைவி ஊற்றில் தண்ணீர் எடுக்க வந்தால் குடத்தை வைக்க யாரும் இடம் விடுவதில்லை. பாம்புக்காரன் பொண்டாட்டிக்குத் தண்ணி எதுக்கு, பால் குடிக்கச் சொல்லு என்கிறார்கள்.

தாங்கள் நேற்று போன பிறகு அப்பா என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போனார். மறுநாள் காலையில் என்னிடமும் எழுதி வாங்குவீர்கள் என்றார். சேசிதியோ பகை வைத்து ஜன்னல் வழியாகப் பாம்பை விட்டதைப் பார்த்தேன், கொட்டகையில் அவர் கத்தியை எடுத்ததையும் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும் என்றார். அப்பா அடிக்கவில்லை. என் தலையைத் தடவினார். "புள்ளையும் போயிட்டான். அண்ணனையும் ஜெயிலுக்கு அனுப்பிட்டு இந்த வீட்ல யாருக்குச் சோறு போடுவ?" என்று கேட்டார்.

லொரேத்தோ அண்ணன் கெட்டவன் அல்ல என்பதையும் எழுதிக்கொள்ள வேண்டும். பனிக்காலத்தில் என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பள்ளிக்கு வருவான். அந்தச் சனிக்கிழமையிலிருந்து அவன் சாப்பிடுவதில்லை. அவனுக்குப் பாம்பு யாருடையது என்று இன்றுவரை தெரியாது. தெரிந்திருந்தால் அந்தக் கட்டையை எடுத்திருக்க மாட்டான்.

பாம்பு அண்ணியின் பாலைக் குடிக்கவில்லை. அண்ணி குடிக்க வேண்டிய முட்டையைக் குடித்தது. கொடுத்தது நான். அதனால்தான் பால் குறைந்ததா என்பதை டாக்டரிடம் கேட்டுத் தாங்கள் எழுதிக்கொள்ளலாம். எனக்கு யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை.

விடியும் முன் தண்ணீர் எடுக்கப் போகும்போது இதை ஸ்டேஷன் கதவுக்கு அடியில் போட்டுவிட்டுப் போவேன். அதன் பிறகு தாங்கள் எங்கள் வீட்டுக்கு வரும்போது அப்பா என் பக்கத்தில் நிற்பார். அண்ணன் எதிரில் இருப்பான். அப்போது என் வாயால் நான் இதைச் சொல்வேனா என்று எனக்கே நம்பிக்கை இல்லை. ஜன்னலையும் கத்தியையும் பற்றி காலையில் நான் ஏதாவது சொன்னால், கையெழுத்தே போட்டாலும், அதை எடுத்துக்கொள்ளாமல் இதையே என் வாக்குமூலமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இதில் கண்டவை அனைத்தும் நான் கண்ணால் கண்டதும் கையால் செய்ததும்தான். யாரும் சொல்லிக் கொடுத்து எழுதவில்லை. திரும்பப் படித்துப் பார்த்தேன். சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)
லிபேரா மர்சிலி