பிரித்தது: சிக்ரிட்

இந்தக் காபியில் தண்ணீர் கொஞ்சம் கூடிப்போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. டெல்பர்ட் தன் கையாலேயே போட்டுக் கொண்டுவந்து வைத்திருந்தான். அவன் ஷெரீஃபின் துணை அதிகாரி. எங்கள் பண்ணைக்கு அடுத்த பண்ணையில் வளர்ந்தவன்.

"அவசரமில்ல மேடம். நிதானமா சொல்லுங்க," என்றான்.

நான் நிதானமாகத்தான் இருந்தேன்.

என் கணவர் ஆர்விட் தன் தோட்டாக்களைத் தானே கட்டுவார். மொன்டானாவில், எங்கள் பள்ளத்தாக்கில், பாதி ஆண்கள் அப்படித்தான். சுட்ட பித்தளைக் குப்பிகளைப் பொறுக்கி வந்து, அடியில் தீப்பொறி தரும் புதுக் கேப் பொருத்தி, வெடிமருந்தை நிறுத்து ஊற்றி, மேலே குண்டை அழுத்துவார்கள். சில தோட்டாக்களில் சந்தேகம் வந்துவிடும். மருந்து இரண்டு முறை விழுந்ததோ, விழவே இல்லையோ. அப்படிப்பட்டவற்றை ஆர்விட் ஒரு சிவப்புக் காபி டப்பாவில் போட்டுச் சமையலறை மேசையில் வைப்பார். அவற்றைப் பிரிப்பது என் வேலை. முப்பத்தொரு வருடம் செய்தேன்.

அதற்கென்றே ஒரு பிளாஸ்டிக் சுத்தியல் இருக்கிறது. அதன் தலைக்குள் தோட்டாவைச் செருகி மூடி, பைன் கட்டையின் மேல் தட்ட வேண்டும். பலம் வேண்டியதில்லை. மூன்று நான்கு தட்டில் குண்டு கழன்று மருந்தோடு உள்ளேயே விழும். கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். அடுப்பு எரியும் இடத்தில் செய்யக் கூடாது. ஒன்றை முழுதாக முடித்த பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும். எந்த மருந்து என்று சந்தேகம் வந்துவிட்டால் அதைத் திரும்பப் பயன்படுத்தக் கூடாது. நான் ரூபார்ப் பாத்தியில் தூவிவிடுவேன். செடி நன்றாக வரும்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. டப்பாவுக்குள் அவர் ஒரு சீட்டு வைப்பார்: "ஆறு. சந்தேகம். ஆ." நான் வேலை முடித்ததும் அதன் அடியில் எழுதுவேன்: "பிரித்தது: சிக்ரிட்." பல வாரங்களில் நாங்கள் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அதைக் குறையாகச் சொல்லவில்லை. குளிர்காலத்தில் எங்கள் வீட்டுக்கு வரும் சாலை இரண்டு மாதம் பனியில் கிடக்கும். அந்த இரண்டு மாதமும் மேசையில் டப்பா இருக்கிறதா என்று காலையில் முதலில் பார்ப்பேன்.

ஆர்விட்டின் வேட்டைத் துணை லாய்ட் கிண்டல் செய்வார். "உன் பொண்டாட்டி சுத்தியல் எடுத்தா எங்க வீடு வரைக்கும் கேக்குதுடா. இந்த வாரம் நீ எத்தனை தப்பு பண்ணினேன்னு என் நாய்க்குக்கூடத் தெரியும்."

"அவ தட்டுறதே உன் நாயை எழுப்பத்தான்," என்பார் ஆர்விட். இருவரும் சிரிப்பார்கள். எனக்கும் பிடித்திருந்தது.

ஆகஸ்டில் ஆர்விட் புதிதாக ஒரு கருவி வாங்கினார். தோட்டா கட்டும் அழுத்துப்பொறியிலேயே மாட்டிக்கொள்ளலாம். நெம்புகோலை ஒரு முறை இழுத்தால் குண்டு சத்தமில்லாமல் கையோடு வந்துவிடும்.

"இனிமே நீ இதுல கஷ்டப்பட வேண்டாம், சிக்ரிட். நானே பாத்துக்கிறேன்," என்றார்.

"எனக்குக் கஷ்டமில்ல."

"உன் மணிக்கட்டு வலிக்குதில்ல?"

"வலிக்கல."

"வயசாச்சும்மா. ஓய்வெடு." அன்பாகத்தான் சொன்னார். காபி டப்பாவை எடுத்துப்போய் அதில் ஆணிகளைப் போட்டு வைத்துக்கொண்டார்.

அதன் பிறகு மேசை காலியாக இருந்தது. செப்டம்பர் முழுவதும் காலியாக இருந்தது. ஒருநாள் நானே ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து மேசையில் வைத்துப் பார்த்தேன். இரவு உணவுக்கு உட்கார்ந்தபோது அவர் தன் தட்டை அதன் மேல் வைத்தார்.

அக்டோபர் கடைசியில் எல்க் மான் வேட்டை தொடங்கும். முந்தின நாள் காலையில் மூன்று தோட்டாக்களைச் சுட்டு ரைஃபிளின் குறியைச் சரிபார்த்தார். இருபது தோட்டாக்கள் கொண்ட பெட்டியை வேட்டைப் பைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, பெட்ரோல் போட ஊருக்குள் போனார். மதியம் ஒன்றரை மணி. நல்ல வெயில்.

நான் கண்ணாடி போட்டுக்கொண்டேன். அடுப்பை அணைத்தேன். புதுக் கருவியைத் தொடவில்லை. இருபதையும் சுத்தியலால், ஒன்றன்பின் ஒன்றாகப் பிரித்தேன். மருந்தைப் பாத்தியில் தூவினேன். பிறகு குண்டுகளைத் திரும்ப அதே குப்பிகளில், பழைய அளவுக்கே அழுத்திவைத்தேன். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அவ்வளவு நேர்த்தியாக நான் எதையும் செய்ததில்லை. பெட்டி மூடியின் உள்பக்கத்தில் சீட்டை ஒட்டினேன். "இருபது. பிரித்தது: சிக்ரிட்."

அவர் அவற்றை என்னிடம் திருப்பிக் கொண்டுவருவார் என்று நினைத்தேன். இதெல்லாம் என்ன சிக்ரிட் என்று கேட்பார். கோபமாகவாவது கேட்பார்.

மறுநாள் விடியற்காலையில் லாய்டின் வண்டி வந்தது. போன வருடம் அவர்கள் வேட்டைக்குப் போகும் அதே மேட்டில்தான் எல்க்கை அறுத்துக்கொண்டிருந்தபோது ஒரு கிரிஸ்லி கரடி ரத்த வாடைக்கு வந்து நின்றது. இப்படி நடப்பதால்தான் எங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் அறுத்தால் மற்றவர் துப்பாக்கியோடு காவல் நிற்பார். அது எனக்குத் தெரியும். கரடி மேல் அடிக்கும் மிளகு ஸ்ப்ரே வாசல் ஆணியில் தொங்கியது. ஆர்விட் அதை மறந்துவிட்டுப் படியிறங்கினார். நான் பார்த்தேன். காலை நேரத்தில் கூப்பிட்டு நிறுத்துவது அவருக்குப் பிடிக்காது.

நடந்ததை லாய்ட்தான் சொன்னார். எல்க்கைச் சுட்டது லாய்ட். அறுத்ததும் அவர்தான். அவருடைய ரைஃபிள் மரத்தில் சாய்ந்திருந்தது. கரடி புதரிலிருந்து வந்தபோது ஆர்விட் அவசரப்படவில்லையாம். நன்றாகக் குறி பார்த்தாராம். "டப்புன்னு ஒரு சின்னச் சத்தம், சிக்ரிட். பொம்மைத் துப்பாக்கி மாதிரி. அவன் துப்பாக்கியைப் பாத்தான். அப்புறம் என்னைப் பாத்தான்." லாய்ட் தன் ரைஃபிளை எட்டிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

"அந்தப் பெட்டியை எப்பத் தொறந்தார்?" என்று கேட்டேன்.

லாய்ட் என்னை விநோதமாகப் பார்த்தார். "வண்டிகிட்ட. ஏதோ ஜோக் சொல்லிக்கிட்டே தோட்டாவைப் போட்டான். ஏன்?"

இதையெல்லாம் டெல்பர்ட்டிடம் இதே வரிசையில் சொன்னேன். அவன் எழுதுவதை எப்போது நிறுத்தினான் என்று கவனிக்கவில்லை. எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"மேடம், நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. பழகுறதுக்கு மருந்தில்லாம டம்மி தோட்டா கட்டி வைக்கிறது உண்டுதானே? எங்கப்பாகூட வச்சிருந்தார். பெட்டி மாறிப்போச்சு. யாருக்கு வேணும்னாலும் நடக்கும்."

"டம்மில கேப் இருக்காது, டெல்பர்ட். நான் கேப்பை எடுக்கல. எடுத்திருந்தா அடியில ஓட்டை தெரியும். அவர் பாத்திருப்பார்."

அவன் முகத்தைக் கைகளால் தேய்த்துக்கொண்டான். பிறகு ஒரு தாளை என் பக்கம் நகர்த்தினான். அதில் இரண்டே வரி. சீட்டை வேறொரு பெட்டிக்காக எழுதியதாகவும், தவறுதலாக இதில் ஒட்டிவிட்டதாகவும்.

"கையெழுத்து மட்டும் போடுங்க. மீதியை நான் பாத்துக்கிறேன். உங்களை எனக்குத் தெரியும். நீங்க தனியா இருந்து இருந்து ஏதேதோ நினைச்சுக்கிறீங்க."

நான் பார்த்துக்கொள்கிறேன் என்று இந்த வருடத்தில் என்னிடம் சொன்ன இரண்டாவது ஆள் அவன். நல்ல பையன். பேனாவின் மூடியைக்கூடக் கழற்றி வைத்திருந்தான்.

தாளை இரண்டு முறை படித்தேன். நான் எதையும் படிக்காமல் விடுவதில்லை. பிறகு அதை அவன் பக்கமே நகர்த்தி, பேனாவை மூடி அதன் மேல் வைத்தேன்.

"இல்லப்பா. சீட்டு சரியான பெட்டியிலதான் இருந்தது," என்றேன். "அவர்தான் படிக்கல."