முன்கூட்டியே சொன்ன ஸ்தோத்திரம்

– ஞாயித்துக்கிழமை மேடையில ஏறி நான் என்ன சொல்லணும்னு அதையும் நீங்களே சொல்லிக் குடுத்திடுங்க போதகரே.

– சொல்லிக் குடுக்க என்ன இருக்கு டீச்சர். "கர்த்தர் என்னைக் குணமாக்கினார்." மூணே வார்த்தை. சொல்லிட்டு உக்காந்துக்க. மத்தத நான் பாத்துக்கிறேன்.

– இன்னைக்கு டாக்டர் சொன்னதும் மூணு வார்த்தைதான். "இனி மருந்து வேண்டாம்."

– பாரு, மருந்து வேண்டாம்னு அவர் வாயாலயே வந்திடுச்சு. ஸ்தோத்திரம்.

– என்னங்க, விளையாடாதீங்க. அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்கும் தெரியும். ரெண்டு பேரும் சேர்ந்துதானே கேட்டோம். அவர் பேசப் பேச நீங்க மேசை மேல இருந்த பேப்பர் வெயிட்ட உருட்டிக்கிட்டே இருந்தீங்க. கடைசியில அவரே அத வாங்கித் தள்ளி வச்சார்.

– டாக்டர் மனுஷன்தானே. மனுஷன் கைவிடுற இடத்துலதான் தேவன் ஆரம்பிக்கிறார்.

– நானும் மனுஷிதான். கொஞ்சம் படுத்துக்கட்டுமா? தலகாணிய இந்தப் பக்கம் போடுங்க. அந்தப் பக்கம் படுத்தா கட்டி அமுக்குது.

– இப்ப சரியா இருக்கா?

– ம். இஸ்திரிப் பெட்டிய நிமித்தி வைங்க. அங்கி கருகுது.

– அடடா. பரவாயில்ல, உள்பக்கம்தான். யாருக்கும் தெரியாது.

– எல்லாத்தையும் அப்படியே நினைச்சுக்குவீங்க.

– பாரு, இந்தச் சலிப்புதான் ஆகாதுங்கிறேன். வெளியூர்ல இருந்து பிரசங்கம் பண்ண வந்த ஊழியர் என்ன சொன்னார்? சுகம் கிடைச்ச பிறகு நன்றி சொல்ல விசுவாசம் எதுக்கு, யார் வேணா சொல்லலாம். கிடைக்கிறதுக்கு முன்னாடியே நாள் குறிச்சு நன்றி சொல்றவன்தான் விசுவாசின்னார். அதக் கேட்டுத்தானே உனக்குச் சுகமாயிடுச்சு, ஞாயித்துக்கிழமை ஸ்தோத்திர ஆராதனைன்னு சபையில அறிவிச்சேன்.

– அவர் நாள குறிச்சிட்டு பஸ் ஏறிப் போயிட்டார். படுத்துக் கிடக்கிறது நான்.

– நான் பொய் சொல்லல. முன்கூட்டியே சொன்னேன், அவ்வளவுதான்.

– நீங்க சொன்ன நாள்ல இருந்து இந்த வீட்டுல வியாதியா இருக்கக்கூட எனக்கு உரிமை இல்ல. நீங்க அடுத்த அறையில பிரசங்கம் எழுதும்போது வலி வந்தா, சத்தம் வராம தலகாணிய கடிச்சுக்கிட்டுப் படுக்கிறேன். யாராவது பாக்க வந்தா, "டீச்சர், எந்திரிச்சு வா"ன்னு குரல் குடுக்கிறீங்க. நான் முகம் கழுவி, பவுடர் போட்டு, வந்து நின்னு சிரிக்கணும். வியாதிய விட அந்தச் சிரிப்புதாங்க எனக்கு அலுப்பா இருக்கு.

– சொல்லியிருக்கலாமே.

– சொல்ல விட்டீங்களா? அது போகட்டும். நேத்து போன்ல சின்னவகிட்ட என்ன சொன்னீங்க?

– யாரு, நானா?

– குளியலறைக்குள்ள போய்க் கதவ சாத்திக்கிட்டுப் பேசினா கேக்காதா?

– வர வேண்டாம்னு சொன்னேன். அம்மாவுக்குச் சுகமாயிடுச்சு, லீவு போட்டு அவ்வளவு தூரம் அலையாதன்னு.

– நம்பிட்டாளா?

– அப்பா சொன்னா நம்புவா.

– அதான் எனக்குக் கவலை. உங்க பேச்ச நம்பி அவ அங்கயே இருந்திடுவா. வந்து சேரும்போது, நீங்க இதே அங்கிய மாட்டிக்கிட்டு என் சவப்பெட்டிக்குப் பக்கத்துல நிப்பீங்க.

– அப்படியெல்லாம் வாயால சொல்லாதம்மா. சொன்னா பலிச்சிடும்.

– நாம எப்பங்க இந்த நம்பிக்கைக்கு மாறினோம்? நான் பேசினா சாவு வந்திடும், நீங்க பேசினா போயிடும். அப்ப நடுவுல கர்த்தருக்கு என்னதான் வேலை?

– ரொம்பப் பேசுற. மூச்சு வாங்குது பாரு. தண்ணி குடி.

– குடுங்க. இத்தன நாள்ல, உனக்குப் பயமா இருக்கான்னு ஒரு தடவ கூட நீங்க கேக்கல. கவனிச்சீங்களா?

– கேட்டா நீ திருப்பிக் கேட்டுடுவியேன்னுதான்.

– சரி, நானே கேக்கிறேன். உங்களுக்கு?

– விடு டீச்சர்.

– விடல.

– மத்தவங்க சாவு வீட்டுல நின்னு பேசும்போது நல்லாத்தான் வருது. வசனம் வருது, குரல் வருது. பெட்டி மேல முதல் பிடி மண்ணு விழற சத்தம் கேட்டதும் எனக்குக் கால் நடுங்கும். அங்கி நீளமா இருக்கிறதால யாருக்கும் தெரியாது. அந்தச் சத்தம் வீடு வரைக்கும் கூடவே வரும்.

– தெரியும். வந்ததும் நேரா குளியலறைக்குள்ள போய்க் குழாயத் திறந்து விடுவீங்க. வாளியில தண்ணி விழற சத்தம் மட்டும் வரும். மேல ஊத்திக்கிற சத்தம் வராது.

– எப்ப இருந்து தெரியும்?

– கல்யாணமான புதுசுல இருந்து.

– ஏன் கேக்கல?

– வெளிய வரும்போது முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்கும். அது போதும்னு விட்டுட்டேன்.

– இப்ப நீயும்... பாரு, எனக்குச் சொல்லவே வரல. நான் முன்கூட்டியே நன்றி சொன்னது விசுவாசத்துல இல்ல. பயத்துல. நீ சொல்லு, உனக்குப் பயமே இல்லையா?

– இருந்துச்சு. ஸ்கேன் எடுக்கக் குழாய் மாதிரி ஒண்ணுக்குள்ள தள்ளினாங்களே, அன்னைக்குத் தாங்க முடியல. அசையாதீங்கன்னு சொல்லிட்டு எல்லாரும் வெளிய போய்க் கதவ மூடிட்டாங்க. ஞாயிறு பள்ளியில எத்தன பிள்ளைகள வசனம் ஒப்பிக்க வச்சிருக்கேன். எனக்கு ஒண்ணு கூட வரல. வாய்ல வந்தது ஏழாம் வாய்ப்பாடு.

– ஏழாம் வாய்ப்பாடா?

– சிரிங்க, பரவாயில்ல. ஏழேழு நாப்பத்தொம்பதோட அதுவும் நின்னுடுச்சு. அப்பதான் அந்தத் தோட்டம் ஞாபகத்துக்கு வந்துச்சு. சிலுவைக்கு முந்தின ராத்திரி கர்த்தர் வேர்த்து விறுவிறுத்து, இது எனக்கு வேண்டாமேன்னு கெஞ்சினாரே. கூட வந்தவங்க எல்லாம் தூங்கிட்டாங்களே. ஐயோ பாவம், இவரும் என்ன மாதிரிதானேன்னு தோணுச்சு. பயந்தவர். பயந்துக்கிட்டே போனவர். போயிட்டுத் திரும்பி வந்தவர்.

– அதத்தானே நான் வருஷா வருஷம் பிரசங்கம் பண்றேன்.

– பண்றீங்க, நல்லாவே பண்றீங்க. ஆனா அந்தத் தோட்டத்த ஓட்டமா தாண்டி, அவர் உயிர்த்தெழுந்த காலியான கல்லறைக்குப் போயிடுவீங்க.

– ம்.

– எங்க பள்ளிக்கூடத்துல சாமான் அறை இருட்டா இருக்கும். சாக்பீஸ் எடுத்துட்டு வான்னா சின்னப் பிள்ளைங்க போகாது. ஏற்கெனவே போய்ட்டு வந்த பிள்ளை ஒண்ணு கையப் பிடிச்சா போயிடும். இருட்டு அதே இருட்டுதான். எனக்கும் அப்படித்தாங்க. அன்னைக்கு அந்தக் குழாய்க்குள்ள அவர் என் கையப் பிடிச்சார். வெளிய இழுத்தப்பவும் விடல. இப்பவும் விடல.

– அப்ப பயம் சுத்தமா போயிடுச்சா?

– வலிக்குப் பயப்படுறேன். சின்னவளப் பாக்காம போயிடுவேனோன்னு பயப்படுறேன். சாவுக்குப் பயப்படல.

– எனக்கு அது வரலையே டீச்சர். ஊருக்கெல்லாம் சொல்றவன், எனக்கு வரலையே.

– வர்றப்ப வரும். வராட்டியும் அவர் வருவார். இப்ப போன எடுங்க. குளியலறைக்குள்ள போக வேண்டாம், இங்கயே உக்காந்து பேசுங்க.

– என்னன்னு சொல்றது?

– அம்மா போகப் போறா, வந்து பாத்துட்டுப் போன்னு சொல்லுங்க.

– ரெண்டு தடவ நம்பர தப்பா அமுக்கிட்டேன்.

– குடுங்க, நான் அமுக்கித் தரேன். ம், மணி அடிக்குது.

– கண்ணு, அப்பாதான் பேசுறேன். இல்ல, நல்லாத்தான் இருக்கேன். நேத்து அப்பா சொன்னேன்ல, அது... அது அப்பா ஆசையில சொன்னது. அம்மாவுக்குச் சுகமாகல. டாக்டர் இனி ஒண்ணும் இல்லன்னுட்டார். நீ வந்திடும்மா. ம். இன்னைக்கே கிளம்பு. அம்மா பக்கத்துலதான் இருக்கா. அழாத கண்ணு, அப்பா இருக்கேன்ல. சரி. வை.

– என்ன சொன்னா?

– கிளம்புறாளாம். ஏன்ப்பா நேத்தே சொல்லலன்னு கேட்டா.

– கேக்கத்தான் செய்வா. ஆனாலும் சொல்லிட்டீங்க. இந்தக் கையக் குடுங்க. சில்லுன்னு இருக்கு.

– அவகிட்ட சொல்லியாச்சு. சபைகிட்ட எந்த முகத்த வச்சுக்கிட்டு சொல்வேன்? தாங்க மாட்டாங்க டீச்சர். போதகர் ஜெபமே வீணாப் போச்சுன்னா, அவங்க விசுவாசம் என்னத்துக்கு ஆகும்?

– அவங்களுக்குத் தெரியுங்க.

– என்ன தெரியும்?

– எல்லாம். நீங்க மேடையில அறிவிச்ச அன்னைக்கே பெண்கள் கூட்டத்துல உண்மைய சொல்லிட்டேன். சபை மூப்பருக்கும் தெரியும். பாக்க வந்தவங்களும், நீங்க பக்கத்துல நிக்கிறீங்களேன்னுதான் என்னோட சேர்ந்து சிரிச்சிட்டுப் போனாங்க.

– அப்ப தினமும் சாயங்காலம் ஆலயத்துல கூடி, முட்டி போட்டு அழுது ஜெபிக்கிறாங்களே. யாருக்குச் சுகம் கேட்டு?

– உங்களுக்குத்தாங்க.